நட்சத்திரக் கணக்கும் கோபியின் கார்டும்

போன வாரம் பீளமேட்டில் என் டாக்ஸியில் ஒரு பெண் ஏறினாள். கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் ஒரு பெட்டி. வீடு போகும்வரை பொறுக்க முடியாமல் வண்டியிலேயே பெட்டியைப் பிரித்துவிட்டாள். புது பிளாஸ்டிக்கும் லேசான எண்ணெயும் கலந்த வாசம் முன்சீட் வரைக்கும் வந்தது. அந்த வாசம் எனக்குத் தெரியும்.

"கிராபிக்ஸ் கார்டுங்களா அம்மணி?"

"ஆமாங்ணா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"டபுள் பிரிசிஷன் ஓடுமுங்களா அதுல?"

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தாள். "இப்பல்லாம் எல்லாக் கார்டுலயும் எல்லாமே ஓடுங்ணா. யாரும் அதைப் பாத்து வாங்கறதில்ல."

கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன். இந்த வயதில் ஒரு சின்னப் பெண்ணின் கார்டைப் பார்த்து வயிறு எரியலாமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு எரிந்தது. அதற்குக் காரணம் அவள் இல்லை, கோபி.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மில்லில் பஞ்சு சுமந்தேன், கருமத்தம்பட்டியில் தறி ஓட்டினேன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். எதிலும் முழுதாக ஒரு வருடம் தங்கியதில்லை. அப்படி அலைந்த காலத்தில் பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பெட்டி தூக்கச் சேர்ந்து, ஸ்க்ரூ கழற்றப் பழகி, மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்தேன். பக்கத்து மேஜையில் கோபி. டிப்ளமோ படித்தவர், என் வயதுதான். இருவரும் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் சண்டை போட்டாலும் அப்படித்தான்.

கோபி வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரமெல்லாம் எங்கோ வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வானத்து நட்சத்திரக் கூட்டங்கள் எந்தப் பக்கமாக நகர்ந்து வந்தன என்று கண்டுபிடிக்கிற கணக்கு. பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி உலகம் பூராவும் அனுப்புவார்கள். விருப்பப்பட்டவர்கள் வாங்கி, தங்கள் மெஷினில் போட்டு முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது. புள்ளி மட்டும் உண்டு. ஊர்வாரியாகக் குழு அமைக்கலாம். கோயமுத்தூர் குழுவில் பதினான்கு பேர், வாரப் பட்டியலில் எப்போதும் முதல் பெயர் கோபியுடையது.

என் பெயர் அதுவரை ரேஷன் கார்டைத் தவிர எந்தப் பட்டியலிலும் அச்சில் வந்ததில்லை. கோபி மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தை ஓரமாக வைத்துக்கொண்டு கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலைத் திறப்பார். நான் குழம்பு ஊற்றுகிற சாக்கில் எட்டிப் பார்ப்பேன். ரசம் வரைக்கும் மனசு அங்கேயே நிற்கும்.

நானும் கழித்துப்போட்ட பாகங்களைச் சேர்த்து என் அறையில் ஒரு மெஷின் கட்டினேன். கணக்கை வேகமாகப் போடுகிற கார்டு மட்டும் இல்லை. எந்தக் கார்டு சேரும் என்று கோபியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் சின்னவன் ஆகிவிடுவேனே. இரண்டு ஃபேன் வைத்த, பார்க்கவே மிரட்டலான ஒரு பழைய கார்டை நானாகவே பிடித்துக்கொண்டு வந்து, கோபியின் மேஜையில் வைத்தேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாக்கலாமுங்க" என்றார்.

எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போன இடத்தில் பாக்கலாமுங்க என்று சொன்னால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். முகத்துக்கு நேராக இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அன்றைக்கு அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். இந்தக் கார்டைப் பார்த்து அவர் பயந்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

அறைக்குப் போய்ப் போட்டேன். பொருத்தமான கார்டு இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். அதே வரி. மூன்று நாள் கழித்துக் கோபிதான் மெதுவாக விளக்கினார்.

"விளையாட்டுக்கு இது சூப்பருங்க. ஆனா நட்சத்திரத்துக்கு ரொம்ப நுணுக்கமான தசமம் வேணும். டபுள் பிரிசிஷன்னு சொல்வாங்க. உடுமலப்பேட்டை மண்டியில தேங்காமூட்டை போடற தராசுல தோடு நிறுத்தா ஆகுங்களா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"அவ்வளவு ஆசையா கொண்டாந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

அடுத்த மாதம் அவர் புதுக் கார்டு மாற்றியபோது, தன் பழைய கார்டை ஒரு துணிப்பையில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். சும்மா. அதைப் போட்ட உடனே என் மெஷின் கணக்கை வாங்கிக்கொண்டது. பட்டியலில் என் பெயர் அப்பாவின் முதலெழுத்தோடு வந்தது. இரண்டே வாரத்தில் இரண்டாம் இடம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ மேலே இருந்த அந்த ஒரு பெயர்தான் கண்ணில் பட்டது. அவர் கழித்த கார்டை வைத்துக்கொண்டு அவரை எப்படி முந்துவது?

அது கரண்ட் அடிக்கடி போன காலம். ஏரியாவுக்கு ஏரியா முறை வைத்து நிறுத்துவார்கள். என் அறைக்குப் பக்கத்துத் தறிகள் சட்டென்று அடங்கினால் என் மெஷினும் அடங்கிவிட்டது என்று அர்த்தம். கரண்ட் வந்ததும் தானாகவே ஓடும்படி மெஷினை வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். வருகிற வேகத்தில் வோல்டேஜ் ஏறிக் கார்டைத் தின்றுவிடும் என்று கோபி வைக்கவில்லை. பத்து நிமிடம் பொறுத்துக் கையால்தான் போடுவார்.

கோபியின் தங்கைக்குக் காங்கேயத்தில் கல்யாணம். குடும்பத்தோடு ஒரு வாரம் கிளம்பினார்கள். கோபி வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"மத்தியானம் ஒரு எட்டுப் போய், கரண்ட் இருந்தா மெஷினை மட்டும் போட்டு உட்டுருங்க. அம்மா செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாங்க."

முதல் நாள் போனேன். கரண்ட் இருந்தது. மெஷின் அணைந்து கிடந்தது. சுவிட்சில் விரல் வைத்தேன். வைத்த விரலை எடுத்துக்கொண்டேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, செடிகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாளும் அப்படியே. ஏழு நாளும் அப்படியே. மல்லிகைக்குக் களைகூட எடுத்தேன்.

அந்த வாரப் பட்டியலில் என் பெயர் முதலில் வந்தது. கடையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கோபியின் மெஷினில் கெடு முடிந்து கிடந்த துண்டுகளை வேறு நாட்டில் யாருக்கோ அனுப்பிவிட்டார்கள்.

கோபி முறுக்கும் லட்டுமாக வந்தார். மெஷின் எப்போது அணைந்தது, எப்போது போட்டார்கள் என்பதெல்லாம் அதிலேயே பதிவாகியிருக்கும். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஏனுங்க, வாரம் பூரா கரண்டே வரலீங்களா?"

"வந்துச்சு, போச்சுங்க."

அவர் லட்டை என் பக்கம் தள்ளினார். "செடியெல்லாம் நல்லா இருக்குதுன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றார்.

கார்டைத் திருப்பிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அடுத்த வாரம் அவர் பெயர் பழைய இடத்துக்குப் போய்விட்டது. சாவியை நம்பிக் கொடுத்து என்னிடம் மறுபடி எதையும் கேட்கவும் இல்லை. ஒரு வருடத்துக்குள் அவர் பெங்களூருக்குப் போனார். நானும் கடையை விட்டு ஹைதராபாத், திருப்பூர் என்று அலைந்தேன். கார்டு எந்த ஊர் அறையில் தங்கிப்போனது என்று ஞாபகமில்லை.

அந்தப் பெண்ணை இறக்கிவிட்டுச் சாலையோரம் வண்டியை நிறுத்தி, குழுப் பக்கத்தைப் போனில் தேடினேன். கார்டுகளுக்குக் கணக்கு அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். எங்கள் குழுவின் பக்கமே திறக்கவில்லை. பதினான்கு பேரும் இல்லை, வாரப் பட்டியலும் இல்லை. கோபிக்கு மேலே என் பெயர் நின்ற அந்த ஒரு வாரம் இப்போது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அதை நினைத்தால் முதலில் சந்தோஷம்தான் வருகிறது. வெட்கம் அதற்குப் பிறகு, கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.