இவரைக் கார்ச் சங்கத்தில் சேர்த்த கதை

பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் சேர்வதால் ஏதாவது பிரயோசனம் உண்டா என்று பக்கத்து வீட்டுப் பெண் போன கிழமை கேட்டாள். அவளுடைய மாமனாரிடம் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. நிற்கிறது என்றால் உண்மையிலேயே நிற்கிறது. அதற்குள் ஒரு கோழி அடை கிடக்கிறது. அவளுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்டு என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய்.

எங்களுடைய கார் ஏ-40, ஊர் வாயில் ஏ-போட்டி. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு கொட்டில் உண்டு. என்னைக் கலியாணம் முடிப்பதற்கு முந்தியே என் வீட்டுக்காரர் அதை வாங்கிவிட்டார். மூத்தவள் என்ற உரிமையை அது இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயும் கிடைக்காத காலத்தில் நான் தள்ளி ஓடியது. நான் குறை சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அதுதான், பாதி வழியில் நின்றதும் அதுதான்.

கார் பழசானது ஒரு பிரச்சினையே இல்லை. இவருடைய கண் பழசானதுதான் பிரச்சினை. இரண்டு கண்ணிலும் புரை. ஒப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று கண் டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று இவர் நின்றார். கார் ஓடுவதையும் விடமாட்டேன் என்றார். இரண்டில் ஒன்றையாவது விடுங்கோ என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் அழுது பார்த்தாள். இவர் தொலைபேசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்து, அழாதே பிள்ளை என்று ஆறுதல் சொன்னார்.

வேறு வழியில்லாமல் இடப்பக்கத்து முன் சீட்டில் நான் ஏறினேன். எங்கே போனாலும் ஏறினேன். சைக்கிள் வருகுது, வலப்பக்கம் பள்ளம், ஆடு, இல்லை அது ஆடில்லை ஆள், பிறேக்கைப் பிடியுங்கோ. நான் வாயால் ஓடுவேன், அவர் கையால் ஓடுவார். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. பாவம் மனுசன், இந்த அம்மாவின் வாயோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று ஊர் கதைத்தது. அந்தப் பழியையும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் வாய்க்கும் ஒரு எல்லை உண்டுதானே. ஒருநாள் சந்தைக்குக் கிட்ட வரும்போது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒரே ஒரு தும்மல். கண்ணைத் திறக்கிறேன், பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெண்பிள்ளை சைக்கிளோடு வேலிக்குள் கிடக்கிறாள். கார் அவளில் படவில்லை. பயத்தில் அவளாகவே பாய்ந்துவிட்டாள். முழங்கையில் ஒரு கீறல், அவ்வளவுதான். இவர் இறங்கி, வேலியில் நட்டிருந்த கதியால் தடியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுசன் ஒருநாள் ஆரையாவது கொன்றுபோடும், இல்லாவிட்டால் தானே செத்துப்போகும் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்து என் நெஞ்சுக்குள் குந்தியது.

நான் சொல்லிக் கேட்கவில்லை, டொக்டர் சொல்லிக் கேட்கவில்லை, பெற்ற பிள்ளை சொல்லியும் கேட்கவில்லை. தன்னைப்போலக் கார்ப் பைத்தியங்கள் நாலுபேர் சொன்னால் கேட்பார் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. இணுவிலில் இப்படி ஒரு சங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நானே விசாரித்து, நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். வேலியிலே போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டியவள் நான்தான், வேறு ஒருவருமில்லை.

செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வெள்ளை வேட்டி, நல்ல மரியாதையான பேச்சு. அவரை முற்றத்துக்குத் தனியாகக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரருக்குக் கண் தெரிவதில்லை, நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லிக் கார் ஓடுவதை நிறுத்தவேண்டும் என்று சொன்னேன். கடைசியில் அழுதும்விட்டேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு எனக்குப் பக்கத்தில் நின்ற செவ்விளநீர்த் தென்னையைப் பார்த்து, "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா, நான் சொல்லுறன்" என்றார்.

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மனசு கலங்கி நின்றதால் விளங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் இவரை நிறுத்தவில்லை, தலைவராக்கினார்கள். வருகிற ஊர்வலத்தில் முன்னுக்குப் போகிற கார் எங்களுடையது என்றும் தீர்மானித்தார்கள். மெதுவாக ஓடுகிறவர் முன்னுக்குப் போனால்தான் மற்றவர்கள் பின்னால் தொடரலாம் என்று காரணம் சொன்னார்கள். இணுவில் கோயிலடியில் தொடங்கி வல்வெட்டித்துறைக் கடற்கரையில் முடிகிற ஊர்வலம். அங்கே உறுப்பினர் ஒருவரின் வீட்டில் மத்தியானம் ஒடியல் கூழ். நாய் வாலை நிமிர்த்தப் போய், வாலுக்குப் பூச் சூட்டிவிட்டு வந்தேன்.

அதற்குமேல் இன்னொரு தீர்மானம் வந்தது. காருக்குள் பெண்கள் பிளாஸ்கும் பையுமாக இருந்தால் படத்துக்கு வடிவில்லையாம். ஆகவே பெண்கள் எல்லோரும் ஒரு மினிபஸ்ஸில் பின்னால் வரவேண்டுமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடாது என்று எழும்பினேன். பார்த்தால் மண்டபத்திலிருந்த அத்தனை பெண்களும் என்னோடு சேர்ந்து எழும்பி நிற்கிறார்கள். இவர்களுக்கும் காரில் இவ்வளவு பற்றா என்று நான் ஆச்சரியப்பட்டேன். ஆண்கள் அசையவில்லை. ஒருநாளைக்காவது எங்களை நிம்மதியாக ஓட விடுங்கள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரின் கைதட்டல்தான் எல்லாரையும்விடக் கூடக் கேட்டது.

ஊர்வல நாள் காலமை, பட்டு வேட்டியும் சால்வையுமாக ஆண்கள் ஏறினார்கள். வேட்டி மடியில் நிற்காதென்று தொலைபேசிகளையெல்லாம் எங்கள் கைப்பைகளுக்குள் போட்டார்கள். வழிகாட்ட முன்னால் ஒரு சின்ன வான், அதைச் சுற்றி வெள்ளைப் பூமாலை. அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு போனால் போதும் என்று இவருக்கு நான் ஆயிரம் தரம் சொல்லி அனுப்பினேன். அந்தப் புத்தியைச் சொன்னதும் நான்தான்.

மருதனார்மடம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. நாங்கள் மினிபஸ்ஸில் கடைசியாகப் போனோம். திடீரென்று வீதிக்கு ஒரு மாடு ஏறியது. பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "மாடு!" என்றோம்.

பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செயலாளரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். உங்கடையவருக்கும் தெரியாதோ என்று மெல்லமாகக் கேட்டார். அதற்குப் பிறகு மூடியிருந்த வாய்கள் எல்லாம் திறந்தன. ஒருவருக்குப் புரை, ஒருவருக்குச் சீனி வருத்தத்தால் வந்த மங்கல், ஒருவருக்கு ஒரு கண் மட்டும்தான். ஆளுக்கொரு வாயாடி என்ற பட்டத்தோடு நாங்கள் எல்லோரும் முன் சீட்டில் இருந்து ஊரைக் காப்பாற்றியிருக்கிறோம். இப்போது எங்கள் முன்னால், வாயில்லாமல், ஒரு நீளக் கார் வரிசை போய்க்கொண்டிருந்தது.

அச்சுவேலிப் பக்கம் ஒரு சந்தியில் வழிகாட்டி வான் நேரே போனது. அந்த நேரம் பார்த்துக் குறுக்கு ஒழுங்கைக்குள்ளிருந்து இன்னொரு வாகனம் மிதந்து வந்து, வானுக்கும் ஏ-போட்டிக்கும் நடுவில் ஏறி, சந்தியில் இடப்பக்கம் திரும்பியது. அதைச் சுற்றியும் வெள்ளைப் பூமாலை. அது அமரர் ஊர்தி. எங்கள் ஏ-போட்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு அழகாகச் சிக்னல் போட்டு அமரர் ஊர்திக்குப் பின்னால் திரும்பியது. அதன் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த மற்றக் கார்களும் ஒன்று விடாமல் திரும்பின.

தொலைபேசியை எடுத்தேன். இவருடைய மணி என் பைக்குள்ளேயே அடித்தது. எங்கள் ஓட்டுநர் ஹோர்ன் அடித்தார். முன்னால் போன சங்கத்தார் அதை உற்சாகம் என்று நினைத்துத் தாங்களும் அடித்தார்கள். வழியில் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். குந்தியிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். ஊர்திக்கு முன்னால் செத்த வீட்டார் பொரியும் பூவும் எறிந்துகொண்டு போனார்கள். ஏ-போட்டியின் யன்னலால் ஒரு கை வெளியே வந்து, இரண்டு பக்கமும் நின்ற சனத்துக்கு அரசியல்வாதியைப்போல அசைந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். மோதிரம் நான் போட்டது.

சுடலை வாசற் படலையில் மினிபஸ் நின்றுவிட்டது. இதற்குமேல் பெண்களை ஏற்றிக்கொண்டு போனால் நாளைக்குத் தனக்கு ஊரில் முகம் காட்ட முடியாது என்றார் ஓட்டுநர். அவரில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் பிரேதத்தோடு படலைவரைதான், அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். என் அம்மா போனபோதும் நான் படலையில்தான் நின்றேன். செயலாளரின் மனைவி தலையில் கைவைத்தார். இனி அவர்கள் கொள்ளி வைக்கும்வரை வரமாட்டார்கள், செத்த வீட்டுக்குப் போய்விட்டு இடையில் எழும்பி வருகிற பழக்கம் நமக்கு உண்டா என்றார்.

நான் இறங்கினேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரத்தில் ஏறத்தான் வேண்டும். பின்னால் பெண்கள் கூப்பிடக் கூப்பிட மணலுக்குள் நடந்தேன்.

உள்ளே சங்கத்தார் பட்டு வேட்டியோடு தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக நின்றார்கள். இறந்தவரின் மகன் ஈர வேட்டியோடு வந்து இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். "அப்பு சீவியத்திலை சைக்கிளை விட்டு ஒண்டிலையும் ஏறினதில்லை ஐயா. கடைசிப் பயணத்துக்கு இவ்வளவு காரும் வந்திட்டுது." அவர் அழுதார். இவரும் அழுதார். என்னத்தைச் சொல்ல, எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவர் அப்பால் போனதும் நான் கிட்டப் போய் நின்றேன். என் செருப்புச் சத்தத்தில் ஆள் தெரிந்து இவர் திரும்பினார்.

"நீர் ஏன் இஞ்சை வந்தனீர்? இது பொம்பிளையள் வாற இடமே?"

"உங்களை இஞ்சை கொண்டு வாற அண்டைக்கு என்னைப் படலையிலை மறிச்சுப்போடுவினம்" என்றேன். "அதுதான் இண்டைக்கே வந்தனான்."

கோபத்தில்தான் சொன்னேன். அந்தப் பக்கம் கொள்ளி வைத்தார்கள். புகை எங்களுக்கு நேரே வந்தது. இவர் கண்ணைத் துடைத்தார், துடைத்துவிட்டு அந்த நெருப்பைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ எனக்குத் தெரியாது. மடியைத் தடவி, கார்த் திறப்பை எடுத்து, என் கையைத் தேடி அதற்குள் வைத்தார்.

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று அவராகவே கேட்டார்.

"ஆர் ஓடுறது?" என்றேன்.

"பஸ்ஸிலை போவம். நீர் யன்னல் பக்கத்திலை சும்மா இருந்து வாரும். ஒண்டும் பாத்துச் சொல்லத் தேவையில்லை."