படியில் நின்ற பிள்ளைகள்

அக்காவின் மகள் என் வீட்டுக்கு வந்த மறுநாளே பின்னறைக்குள் போக மாட்டேன் என்றுவிட்டாள். அடையாறில் நான் வாடகைக்கு இருக்கும் இந்த ஃப்ளாட்டில் ஏசி இருப்பது அந்த ஓர் அறையில்தான். மே மாத மத்தியானத்தில் ஏழு வயதுக் குழந்தை வேறெங்கே படுக்கும்? காரணம் கேட்டேன். விரலை மேலே காட்டினாள்.

மேல் வீட்டில் எதையோ இழுத்தார்கள். மரச் சாமானாக இருக்க வேண்டும். கொஞ்ச தூரம் இழுபட்டு நின்றது. மறுபடி இழுபட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

அக்கா பெங்களூரில் இருந்தாள். நெடுநாள் காத்திருந்து கிடைத்த பயிற்சி. முடித்தால்தான் பதவி உயர்வு. அத்திம்பேருக்குக் கப்பலில் வேலை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன புதிது என்பதால் குழந்தையை மயிலாப்பூரில் விட வழியில்லை. "அவ ராத்திரியெல்லாம் அழறான்னு தெரிஞ்சா அடுத்த ட்ரெய்ன்ல வந்துடுவேன், ட்ரெய்னிங்காவது ஒண்ணாவது" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். செய்யக்கூடியவள். ஆகவே இந்தக் குழந்தை பயமில்லாமல் தூங்கியாக வேண்டும். அந்தக் கோடையில் ஆபீஸ் வேலைக்கு மேல் எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

அப்போதுதான் அந்தப் புத்தக வரிசை நினைவுக்கு வந்தது. மலையடிவாரத்து ரயில் நிலையம் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டரின் மகனும் மகளும் துப்புத் துலக்குகிற கதைகள். ரயிலில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பொருளில் தொடங்கும்: குடை, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு. நானும் அக்காவும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கோடை விடுமுறைகளைக் கழித்தோம். லஸ் முனைக்கருகே நடைபாதையில் பழைய புத்தகம் போடுகிறவரிடம் முழு வரிசையும் இருந்தது.

"இன்னாமா, ஃபுல் செட்டா வோணும்? வூட்ல எத்தினி பேரு படிக்கப் போறீங்க?"

"ஒருத்திதான். ஏழு வயசு."

"பேய்க் கதைமா இது. கொயந்த பயந்துக்கும்."

"இதுல பேயே கிடையாது. எல்லாம் திருடனுங்கதான்."

"அது அத்தவிட மோசம்" என்று சிரித்துக்கொண்டே கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே பின்னறையில் முதல் புத்தகத்தைப் படிக்கத் தொடங்கினேன். பாதியில் மேலே அந்த இழுபடும் சத்தம். குழந்தையின் கண்கள் கூரைக்குப் போயின. நான் யோசிக்கவேயில்லை. பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பொழுது ஸ்டேஷன் மாஸ்டர் தம் இரும்புப் பெட்டியைத் தரதரவென்று இழுத்தார்" என்று படித்தேன். அப்படி ஒரு வரி அங்கே இல்லை. குழந்தை சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள். நன்றாகச் சமாளித்துவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி.

ஒரு காட்சியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். சின்ன வயதில் என் தூக்கத்தைக் கெடுத்த காட்சி அது. எந்தப் புத்தகத்தில் வருகிறது என்பது மறந்துவிட்டது. காட்சி மறக்கவில்லை. மென்பொருள் சோதனைதான் என் தொழில். எதையும் வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டால்தான் கை ஓடும். போனில் இப்படிக் குறித்துக்கொண்டேன்:

மாடிப்படி. மேலே ஓர் அறை.
தாழ்ப்பாள் கதவுக்கு வெளிப்புறத்தில்.
உள்ளே ஒரு பெண் பாடுகிறாள். ஒரே ஓர் அடி. எப்போதும் ஒரே சொல்லில் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குகிறாள்.
எவர்சில்வர் டம்ளர் உருளும் சத்தம்.
பிள்ளைகள் இருவரும் படியில் நிற்கிறார்கள்.

குழந்தை தூங்கிய நேரங்களிலும் ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு நடுவிலும் எல்லாப் புத்தகங்களையும் படித்து முடித்தேன். வளர்ந்த பிறகு படித்தால் வேறு மாதிரி இருக்கும் என்று தெரியும். இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு பேய்க்கும் ஒரு டார்ச் லைட் இருந்தது. சுரங்கத்து முனகல் தண்ணீர்க் குழாயில் முடிந்தது. பூட்டிய கதவு எங்கே வந்தாலும் அடுத்த பக்கத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் அதைத் திறந்துவிட்டார்கள்.

என் காட்சி எதிலும் இல்லை. கிழிந்துபோன பக்கம் ஏதாவது உண்டா என்று பக்க எண்களையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது என் குறிப்பின் கடைசி வரி. எந்தக் கதவையும் விட்டுவைக்காத பிள்ளைகள் அந்த ஒரு கதவின் முன்னால் மட்டும் ஏன் நின்றார்கள்? என் நினைவில் அவர்கள் அதைத் திறக்கவே இல்லை.

மூன்றாவது புத்தகம் ஓடிக்கொண்டிருந்தபோது குழந்தை கேட்டாள்: "சித்தி, அந்தப் பாட்டு ரூம் எப்ப வரும்?"

"எந்தப் பாட்டு ரூம்?"

"வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்குமே, அது. மேல சத்தம் போடறது அவதானா?"

நான் யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குழந்தையை டிவி முன் உட்கார வைத்துவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன்.

"ஆமாம், நான்தான் சொல்லியிருக்கேன். அந்தப் புஸ்தகத்துல வர்றதுதானே? அவ அழறாளா?"

"அழல. எந்தப் புஸ்தகம்னு சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும்? நீதானேடி எனக்குப் படிச்சுக் காமிச்சே."

"நானா? எனக்கு அப்ப எழுத்தே கூட்டத் தெரியாது. நீ படிச்சுதான் நான் கேட்டேன்."

"போடி. எனக்கு அதைக் கேட்டதுதான் ஞாபகம். படிச்ச ஞாபகமே இல்லை."

அவள் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டி வகுப்புக்குக் கூப்பிடுவது கேட்டது. "ஏய், நிஜமாவே புஸ்தகத்துல இல்லையா?" என்றாள், குரலை இறக்கி.

மறுநாள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் போனேன். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பால்கனிக்குப் போய்த் தெருவில் போகும் ஆட்டோக்களை எண்ண ஆரம்பித்த பிறகு கேட்டேன்.

"அது புஸ்தகத்துல எங்கடி இருந்தது?" என்றாள் அம்மா, வெகு சாதாரணமாக. "அது மாடியிலன்னா இருந்தது."

எங்கள் பழைய வீடு குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழே நாங்கள் குடித்தனம், மாடியில் வீட்டுக்காரர்கள். மத்தியானங்களில் எங்கள் இருவரையும் இரு பக்கமும் போட்டுக்கொண்டு அம்மா அந்தக் கதைகளைப் படிப்பாள். மேலே சத்தம் கேட்கும்.

"நீங்க ரெண்டு பேரும் அண்ணாந்து பாப்பேள். பயப்படாதேங்கோன்னு சொன்னா அதுக்கப்பறம்தான் பயம் வரும். அதனால அதையும் கதையிலயே சேத்துப் படிச்சுடுவேன். டம்ளர் உருண்டா கதையிலயும் டம்ளர் உருளும். பாடினா பாடும்."

"யாரும்மா பாடினது?"

"வீட்டுக்காரரோட தங்கை. மனசு சரியில்லை அவளுக்கு. கோவில், கல்யாணம்னு அவா வெளியில போறச்சே தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போயிடுவா."

"நீ போய்ப் பாக்கலையா?"

"குடித்தனக்காரா மாடிக்குப் போற வழக்கம் இல்லை. வாடகையைக்கூட அவா கீழ வந்துதான் வாங்கிண்டு போவா." அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். "ஒரே ஒரு நாள் படி வரைக்கும் போனேன். அன்னிக்கு ரொம்ப நேரமாப் பாடிண்டே இருந்தா."

"அப்பறம்?"

"கதையில அந்தப் பசங்க நின்னாளே, நானும் அங்கதான் நின்னேன். நான் வந்தது அவளுக்கு எப்படியோ தெரிஞ்சுடுத்து. பாட்டை நிறுத்திட்டா. நான் இறங்கி வந்துட்டேன்."

அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று கேட்டேன். நாம்தான் அந்த வருஷமே காலி செய்துகொண்டு வந்துவிட்டோமே என்றாள். அப்புறம் குழந்தைக்கு முறுக்கு எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

அடையாறுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் குழந்தை என் மடியில் சாய்ந்திருந்தாள். நான் அந்த இரும்புப் பெட்டி வரியையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் சொன்னதாகத் தோன்றவில்லை. என் வாய்க்குள் ஏற்கெனவே இருந்த ஏதோ தானாக வெளியே வந்த மாதிரி இருந்தது.

கேட்டில் இறங்கியதும் வாட்ச்மேனிடம் மேல் வீட்டைப் பற்றி விசாரித்தேன்.

"அங்கியா? ஒரு பெர்சும் அவரு புள்ளையும் கீறாங்கமா. பெர்சுக்கு மறதி. புள்ள ஆபீஸ் போசொல்ல வெளிய பூட்டிக்கினு பூடுவாரு. ஏன், தண்ணி கிண்ணி லீக் ஆவுதா?"

"இல்ல. சும்மாதான்."

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மேலே சத்தம் தொடங்கிவிட்டது. இழுபட்டது, நின்றது. குழந்தை என்னைப் பார்த்தாள். கதையில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. வரி தயாராகவே என் நாக்கில் இருந்தது.

"வா, மேல போய் யாருன்னு பாத்துட்டு வரலாம்" என்றேன்.

புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள். லிஃப்ட் வேண்டாம் என்று படியில் ஏறினோம். மத்தியான நேரம், எல்லாக் கதவுகளும் சாத்திக் கிடந்தன. மேல் தளத்துக்கு ஏறும் கடைசித் திருப்பத்தில் என் கால் நின்றுவிட்டது. அங்கிருந்து கதவு தெரிந்தது. கிரில் கேட்டில் பெரிய பித்தளைப் பூட்டு. உள்ளே சத்தம் நின்றுபோயிருந்தது. நாங்கள் வந்தது உள்ளே தெரிந்துவிட்டது.

அம்மா நின்ற இடம் இதுதான் என்று நினைத்தேன். குழந்தை என் கையை விட்டுவிட்டு மீதிப் படிகளில் ஏறிப் போய், கிரில்லுக்குள் கையை நுழைத்துக் கதவைத் தட்டினாள்.

"யாரு?" உள்ளிருந்து வயதான ஆண் குரல்.

"நாங்க கீழ் வீடு. நீங்க யாரு?"

"சாவி இருக்கா?"

"இல்லையே தாத்தா."

"அப்ப எப்படி வந்தீங்க?"

நானும் ஏறிப் போனேன். அவசரத்துக்கு என்று கதவில் ஒட்டியிருந்த போன் நம்பரில் அவர் மகனைக் கூப்பிட்டுப் பேசினேன். முதலில் கோபப்பட்டார். உங்களுக்கு என்ன மேடம் அதில், அப்பா பத்திரமாகத்தானே இருக்கிறார் என்றார். தீ, மின்சாரம், விழுந்துவிட்டால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவள், இன்னொரு சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். பிறகு களைத்த குரலில், சாயங்காலம் வந்து பேசுகிறேன் என்றார். அவர் வரும்வரை நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று போனிலும் சொன்னேன், கதவுக்கும் சொன்னேன்.

குழந்தை மேல் படியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். "சித்தி, படி. அவரும் கேக்கட்டும்."

விட்ட இடத்திலிருந்து உரக்கப் படித்தேன், அச்சில் இருந்ததை மட்டும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது. இப்போது அது நாற்காலி என்று தெரிந்தது. இழுபட்டு, நின்று, இழுபட்டுக் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது. குழந்தை கூரையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். நாற்காலி கதவில் லேசாக இடித்து நின்றது.