பின்கட்டு அறையின் ஃபேன்

கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு ஒரே மீட்டர்தான். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தேன். அதற்கும் அந்த மீட்டரிலிருந்தே கரண்ட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருவார்கள். ஐநூறு யூனிட்டைத் தாண்டிவிட்டால் பில் தாறுமாறாக ஏறிவிடும். வாசலில் கோலம் போட்ட கையோடு மீட்டர் பெட்டியை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். சிக்கனக்காரி என்று தெருவில் எனக்குப் பேர். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்த அறையில் கல்வராயன் மலையிலிருந்து வந்த இளம் தம்பதி குடியிருந்தார்கள். அவன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான். அவள் கைக்குழந்தையோடு பகல் முழுக்க அறையில் இருந்தாள். அந்தச் சித்திரையில், ரீடிங் எடுக்க இன்னும் பதினைந்து நாள் இருக்கும்போதே நானூற்றைம்பது தாண்டிவிட்டது. ஒண்டிக்கட்டை நான், எவ்வளவுதான் இழுத்துவிடப் போகிறேன்? நேராகப் பின்கட்டுக்குப் போனேன்.

"இன்னாம்மா, பொழுது விடிஞ்சதுல இருந்து ஃபேன் ஓடிக்கினே இருக்குது. மலைல ஃபேன் போட்டுக்கினா இருந்தீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"கொழந்தைக்கு வேர்க்குதுங்க," என்றாள். பிறகு, "நிறுத்திடறேங்க," என்று என் கண்ணெதிரே சுவிட்சை அணைத்தாள்.

அப்புறமும் மீட்டர் ஓடுவது குறையவில்லை, தினமும் பத்து யூனிட். நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. சந்தனம் அரைத்துப் பூசச் சொன்னேன். அதுவும் ஒரு உபகாரம் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஊர்த் திருவிழா என்று நான்கு நாள் மலைக்குக் கிளம்பினார்கள். அப்பாடா என்றிருந்தது. மறுநாள் காலை பார்த்தால் வழக்கம்போல பத்து யூனிட். அடுத்த நாளும் பத்து. பின்கட்டு அறை பூட்டிக் கிடந்தது.

வீட்டுக்குள் ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். குளியலறையில் ஹீட்டர் சுவிட்ச் போட்டபடி இருந்தது. தொட்டி கொதித்தது. அதன் சிவப்பு விளக்கு எப்போதோ பழுதாகியிருந்தது. குளித்து முடித்ததும் விளக்கு எரியாததைப் பார்த்து, சுவிட்சை அணைத்துவிட்டதாகவே நானும் இருந்துவிட்டேன். மூட்டு வலிக்கு இதமாக இருக்கும் என்று சித்திரையிலும் வெந்நீரில் குளிக்கிறவள் நான். சுவிட்சை அணைத்தேன். மறுநாள் இரண்டே யூனிட்.

அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வந்தாள். ஒரு பை நிறையச் சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். மலைக்குளிர்ச்சியில் குழந்தையின் வேர்க்குரு சுத்தமாக மறைந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"நாங்க இல்லாததுல கரண்டு கம்மியா ஆச்சுங்களா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"ஆமாம்மா," என்றேன். "கொஞ்சம் கம்மிதான்."

அவள் தலையாட்டினாள். "இனிமே பாத்து இருந்துக்கறோங்க."

அன்று மத்தியானம் வெயில் கொளுத்தியது. பின்கட்டில் குழந்தை சிணுங்குவதும், அவள் முறத்தால் விசிறுவதும் கேட்டது. ஃபேனைப் போட்டுக்கொள் என்று சொல்ல எழுந்தேன். திடீரென்று ஏன் என்று கேட்பாளே என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன்.