பவுடர் டப்பாவில் இருந்த ரிட்டெய்னர்

என் பல் பிறவியிலேயே வரிசை என்று மாப்பிள்ளை வீட்டில் அளந்துவிட்டது என் அத்தை. ரெண்டு வருஷம் கம்பி கட்டி, வாயெல்லாம் புண்ணாகி வாங்கிய வரிசை அது. கம்பியைக் கழற்றியதும் பல் டாக்டர் ரிட்டெய்னர் என்று ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார். தினமும் போட்டுக்கொண்டுதான் தூங்க வேண்டும், விட்டால் பல் பழையபடி கோணிக்கொள்ளும் என்றார். அத்தை விட்ட கதையைக் காப்பாற்றும் பாரம் என் தலையில் விழுந்தது.

என் கணவருக்குச் சொந்த ஊர் அம்பகரத்தூர். படுத்த உடனே தெருவுக்கே கேட்கும்படி குறட்டை. அது தொடங்கியதும் பவுடர் டப்பாவைத் திறந்து ரிட்டெய்னரை மாட்டிக்கொள்வேன். அவர் எழுமுன் கழற்றிவிடுவேன். திருட வந்தவள்கூட இந்தப் பாடு பட மாட்டாள்.

எனக்கு அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. கணவரைப் பிரான்சுக்குக் கூட்டிப்போக வேண்டுமானால், எங்கள் கல்யாணம் நிஜமா, விசாவுக்காகக் கட்டியதா என்று புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் தூதரகத்தில் தனித்தனியாக விசாரிப்பார்கள். பதில்கள் பொருந்தாவிட்டால் நான் அங்கே, அவர் இங்கே. பஸ்ஸில் போகும்போதே சித்தப்பா பேரிலிருந்து பிடித்த மீன் வரை மாற்றி மாற்றி ஒப்பித்தோம்.

அதிகாரி ஒரு தமிழ் அம்மா. "படுக்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"சாமி கும்பிடுவேங்க."

அடுத்து என் கணவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் வேற சொல்றாரே. டப்பாவுலேருந்து எதையோ எடுத்துப் பல்லுல மாட்டுவீங்களாம்."

பயத்தைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனுஷன் தூங்கவே இல்லையா? இல்லை என்று சொன்னால் கல்யாணம் பொய், ஆமாம் என்று சொன்னால் அத்தை சொன்ன பல் பொய். அன்று ராத்திரி புதுச்சேரியிலேயே தங்குவதாக இருந்ததால் டப்பா கைப்பையில்தான் இருந்தது. எடுத்து, அந்த அம்மா கண்ணெதிரே மாட்டிக்கொண்டேன்.

"ஷாமி கும்பிட்டதும் உண்மைதாங்க" என்றேன். நாக்கு சொன்னபடி கேட்கவில்லை.

அந்த அம்மா சிரித்தேவிட்டார். "இதையெல்லாம் யாரும் ஒப்பிச்சுட்டு வர முடியாது. எனக்குப் போதும், போயிட்டு வாங்க."

வாசலுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சுக்கிட்டே ஏங்க இத்தனை நாளா கேக்கலை?"

"நீ மறைச்சே. சரி, அது உன் இஷ்டம்னு விட்டுட்டேன். ஆனா நான் தூங்குனாத்தானே நீ மாட்டுவே? அதான் குறட்டை விட்டேன்" என்றார். "எனக்குக் குறட்டையே வராது. வேணும்னா எங்கம்மாகிட்ட கேளு."

அன்று லாட்ஜில் விளக்கு எரியும்போதே மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் அவர் சத்தமே இல்லாமல் தூங்கிப்போனார்.