நண்பனின் கடவுச்சொல்

என் பள்ளி நண்பன் கிள்ளானில் லோரி ஓட்டினான். துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஜொகூர் வரை தனியாகப் போகும்போது பாடுவான், முதலாளியைத் திட்டுவான், மனசில் பட்டதையெல்லாம் ஃபோனில் பேசிப் பதிவு செய்வான். அதையெல்லாம் பத்திரமாக வைக்க ஒரு சின்னச் செயலி எழுதித் தரச் சொன்னான். "ஆனா யாரும் கேக்கக்கூடாதுடா, நீகூட" என்றான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் என் பிளாட்டில் உட்கார்ந்து பைத்தான் நிரல்மொழியில் எழுதினேன். அவன் கடவுச்சொல்லையே சாவியாக்கிப் பதிவுகளைப் பூட்டினேன். அந்தச் சொல்லை எங்கும் சேமிக்கவில்லை. அதன் ஹாஷை மட்டும் வைத்தேன். சொல்லை அரைத்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரியாகத் தரும் வேலை அது. அதே சொல்லைத் தட்டினால் அதே வரி வரும், பூட்டும் திறக்கும். அரைத்த மிளகாயை யாராலும் திரும்ப முழு மிளகாயாக்க முடியாது, அதுபோலத்தான் இதுவும். எழுதின நானே திறக்க முடியாது தெரியுமா என்று அவனிடம் பீற்றிக்கொண்டேன்.

போன வருஷம் அவன் மாரடைப்பில் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்தபின் அவன் மனைவி கொமூட்டர் ரயில் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். அவன் குரலைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பூட்டுச் செய்தவனிடம் இன்னொரு சாவி இல்லாமலா போகும் என்று நம்பி வந்திருந்தாள். இல்லையம்மா என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. நீ சொல்லச் சொல்ல நான் தட்டிப் பார்க்கிறேன், பொருந்தினால் திறந்துவிடும் என்றேன்.

அவள் முதலில் தன் பேரைத்தான் சொன்னாள், கொஞ்சம் வெட்கத்தோடு. தட்டினேன். திரையில் 'நோ மேட்ச்' என்று வந்தது. சிரித்துக்கொண்டே மகள் பேரைச் சொன்னாள். அதுவும் இல்லை. லோரி நம்பர், கல்யாண நாள், அவன் காவடி எடுத்த பத்துமலை, எல்லாவற்றுக்கும் அதே பதில். எனக்கோ புதிரை விடுவிக்கிற உற்சாகம் பிடித்துக்கொண்டது. அடுத்து, அடுத்து என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வேற யாரு பேரு வச்சிருப்பாரு அண்ணே?"

தெரியாதும்மா என்றேன். உண்மையாகவே தெரியாது. ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசித்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள். போதும், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

ரயிலடிவரை கூடவே நடந்தேன். ஹாஷுக்கு 'கிட்டத்தட்ட' என்பதே கிடையாது. அவள் பேருக்குப் பின்னால் ஒரே ஓர் எண்ணைச் சேர்த்து வைத்திருந்தாலும் இதே பதில்தான் வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் சொல்லவில்லை. வீடு திரும்பியதும் அதை வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன்.

"பரவால்ல அண்ணே. ஆறுதலுக்குத்தான சொல்றீங்க" என்று பதில் வந்தது.

நான் எதையும் அழிக்கவில்லை. அவள் பேரோடு எண்ணும் குறியும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்க்க ஒரு நிரல் எழுதி ஓடவிட்டிருக்கிறேன். இன்னும் பொருந்தவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் திரையைப் பார்க்கும்போது, அவனுக்கு வேறு யாரோ இருந்திருக்கிறாள் என்று அவள் நினைத்ததை நானும் நம்ப ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.