பூசை போட்ட மெஷின்

மெக்கானிக்கல் படிக்கிறேன் என்று சொன்னதும் எங்கள் தெருவில் எல்லோரும் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள், கிரீஸ் ஒட்டியிருக்கிறதா என்று. ஒட்டியிருக்கும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு பஸ் ஏறுவேன். போகப்போக நகக்கண்ணில் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவைக்க ஆரம்பித்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

எங்கள் வீடு செல்லூரில். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அம்மா வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற, படகு மாதிரியான நாடாவுக்குள் ஒரு சின்னக் கட்டையில் நூல் சுற்றி வைப்பார்கள், அதற்குப் பெயர்தான் தார். தெரு முழுக்கத் தறிச்சத்தம். அதனால் எங்கள் ஆட்கள் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அம்மா உப்பு வாங்கி வரச் சொன்னால்கூட அடுத்த சந்தில் இருப்பவர் சேர்த்து வாங்கி வந்துவிடுவார்.

அப்படிப்பட்ட அம்மா, நான் பாடப்பிரிவு தேர்ந்தெடுத்த அன்று போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டது.

"கம்ப்யூட்டர் எடுத்தா ஏசில உக்காந்து வேல பாக்கலாம்டி. நீ என்னத்துக்கு இரும்போட மல்லுக்கட்டப் போற? வீட்டுல ஒரு ஆளு மெஷினோட அல்லாடுறது பத்தாதா?"

எனக்கு அது பத்தவில்லை. ஓடுகிற எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும் என்கிற அரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மிக்ஸியைப் பிரித்து மாட்டியதில் ஒரு திருகு மிஞ்சியது. மிக்ஸி ஓடியது. அந்தத் திருகு எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் வகுப்பில் பெண்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் அடங்கிவிடுவோம். முதல் செமஸ்டரில் ஒர்க்‌ஷாப்பில் கையில் அரத்தைக் கொடுத்து, ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக ராவச் சொன்னார்கள். நாள் கணக்கில் ராவினோம். என் சதுரம் ஒரு பக்கம் இளைத்து, அதைச் சரிசெய்ய மறுபக்கம் இளைத்து, கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு வந்து நின்றது. ஆனால் முதன்முதலாக லேத்தில் நிற்கவைத்தபோது, கட்டிங் டூல் பட்ட இடத்திலிருந்து நீலம் பாய்ந்த இரும்புச் சீவல் சுருள் சுருளாக எழுந்து வந்ததே, அதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அது சூடாக இருக்கும், தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தொட்டேன். சுட்டது. அப்போதும் சிரித்தேன்.

படிப்பு ஊரைப் பார்க்கிற பார்வையையே மாற்றிவிட்டது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எந்த வண்டிக்குக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லப் பார்ப்பேன். கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் சாறு வாங்காமல் அவருடைய பல்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்று திட்டு வாங்கியிருக்கிறேன். தெர்மோடைனமிக்ஸ் மட்டும் என்னோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அதில் பாஸானது எனக்கே ஆச்சரியம்.

என் புராஜெக்ட் கூட்டாளி டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். பம்புசெட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டியே வளர்ந்தவன். வகுப்பில் எல்லோரையும் 'மாப்ள' என்பான், என்னையும் சேர்த்து. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நான்காம் ஆண்டு தொடங்கியதும் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி வந்து எங்கள் வகுப்பில் பாதியை அள்ளிக்கொண்டு போனது. அந்தப் பாதியில் நானும் இருந்தேன். அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். நான் மட்டும் உம்மென்று இருந்தேன். மெக்கானிக்கல் படித்தால் இதை விட்டால் வேறு கதவே இல்லை என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். அது சுத்தப் பொய். என் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி இன்று கார் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறாள், அவள் கையெழுத்து இல்லாமல் வண்டி வெளியே போகாது. ஒருவன் ரயில்வேயில் இருக்கிறான். ஒருவன் சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கிறான். கம்ப்யூட்டரில் பாகங்களை வரைகிறவர்கள் உண்டு, காற்றாலை மேல் ஏறுகிறவர்கள் உண்டு, ஏசி ரூமில் புரோகிராம் எழுதுகிறவர்களும் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். என் ஆசை ஒன்றே ஒன்றுதான். கோயம்புத்தூரில் நூல் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அவர்கள் மாணவர்கள் செய்த புராஜெக்டை நேரில் வந்து பார்த்து, டிசைன் பிரிவுக்கு ஆள் எடுப்பார்கள். நான் அங்கே போகவேண்டும்.

அம்மாவிடம் கெஞ்சி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். "கோயம்புத்தூர்க்காரங்க வந்து பாக்கட்டும். எடுத்தாப் போ. எடுக்கலன்னா மறுபேச்சுப் பேசாம கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிரணும். சரியா?" என்றாள். சரி என்றேன். சாஃப்ட்வேர் கம்பெனிக்குச் சம்மதம் சொல்லவேண்டிய கெடு, கோயம்புத்தூர்க்காரர்கள் வருகிற அதே வாரத்தில்தான் முடிந்தது. அந்த ஒரு வாய்ப்புதான் எனக்கு.

நாங்கள் செய்தது தார் சுற்றும் மெஷின். ஏற்கெனவே இருக்கிற மெஷின்தான். ஆனால் வீடுகளில் ஓடுவதில் நூல் அறுந்தால் அது பாட்டுக்கு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும். அம்மா அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்ததெல்லாம் இதனால்தான். எங்கள் மெஷினில் நூல் ஒரு சின்னக் கம்பியைத் தூக்கிப் பிடித்திருக்கும். நூல் அறுந்தால் கம்பி கீழே விழுந்து ஒரு சென்சாரை மறைக்கும். சென்சார் மறைந்த நொடியில் மோட்டார் நின்று சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான் சங்கதி. அதைச் சரியாக ஓடவைக்க எங்களுக்கு மாதக்கணக்கானது. அது சொன்னபடி நின்ற அன்று, கூட்டாளி ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஓடினான், நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் டிபார்ட்மெண்டில் அது தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை. தரையைக் கழுவி, தூணுக்கு வாழைக்கன்று கட்டி, லேத், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். வீட்டாரையும் கூப்பிடலாம். நான் அம்மாவைக் கூப்பிட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, ஒரு தூக்கு நிறையச் சுண்டலோடு வந்தாள்.

மெஷினை ஓட்டிக் காட்டினேன். நூலைக் கத்தரித்தேன். டக்கென்று நின்றது. அம்மா அறுந்த நூலை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "இன்னொருக்கா அறு" என்றாள். அறுத்தேன். நின்றது. "இன்னொருக்கா" என்றாள். மறுபடியும் அறுத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டு, "போ, போயி எல்லாத்துக்கும் பொரி குடு. இதுக்கு நான் பூசை போடுறேன்" என்றாள்.

திரும்பி வந்தபோது மோட்டார் மூடியில் மூன்று பட்டை விபூதியும் அங்கங்கே சந்தனம் குங்குமமும் இருந்தன. மேலே ஒரு முழம் பூ. மாப்பிள்ளை மாதிரி இருந்தது மெஷின். பூசை போட்ட மெஷினை அன்றைக்கு மறுபடி ஓட்டக்கூடாது, பொட்டையும் துடைக்கக்கூடாது, தானாக உதிரவேண்டும். பூட்டிவிட்டு வந்துவிட்டோம். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த காலையிலேயே கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து நின்றார்கள்.

வந்தவர்களுக்குத் தலைவர் ஒரு பெண், நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர். எங்கள் முறை வந்தது. நான் நன்றாகப் பேசினேன், என் குரல்தான் எந்த ஹாலையும் நிரப்புமே. பேசி முடித்துச் சுவிட்சைத் தட்டினேன்.

மெஷின் ஓடவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

மறுபடி தட்டினேன். விளக்குதான் எரிந்தது. கூட்டாளி ஃபியூஸைப் பார்த்தான், ஒயரை இழுத்துப் பார்த்தான். பெல்ட் சரியாக இருந்தது. நூல் அறுந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை, கம்பி மேலேதான் நின்றது. சாஃப்ட்வேர் கம்பெனியின் ஏசிக் காற்று அப்போதே என் பிடரியில் வீசியது. "மாப்ள, பூசையன்னிக்கு நல்லாத்தான ஓடுச்சு?" என்று அவன் என் காதில் அழாத குறையாகக் கேட்டான்.

"என்னங்க ஆச்சு? ஒண்ணும் அவசரமில்லீங்க, நிதானமாப் பாருங்க" என்றார் அந்தப் பெண்.

அந்த நிதானம்தான் என்னைக் காப்பாற்றியது. யோசித்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் நூல் அறுந்துவிட்டதாக மெஷின் நினைக்கிறது. அப்படி நினைக்கிறது என்றால் சென்சாரை எதுவோ மறைக்கிறது. முட்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். பளபளவென்று சட்டைப் பொத்தான் அளவில் இருந்த அந்தச் சென்சாரின் மேல், அளவெடுத்த மாதிரி, காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவில் குங்குமம். அம்மா தன் மோதிரவிரலால் அழுத்தி வைத்த பொட்டு.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். முணுக்கென்றால் கோபப்படுகிறவள் நான். ஆனால் சிரிப்புத்தான் வந்தது. அடக்கமுடியாமல் முட்டி போட்டபடியே சிரித்தேன். துப்பட்டா முனையை எச்சிலில் நனைத்துத் துடைத்தேன். மெஷின் சர்ரென்று கிளம்பியது. நூலைக் கத்தரித்தேன். நின்றது. கைதட்டினார்கள்.

அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சரிங்க. இந்த மெஷின் நூறு வீட்டுக்குப் போகுதுன்னு வெச்சுக்கங்க. எல்லா வீட்டுலயும் ஆயுத பூசை வரும். அப்ப என்ன பண்ணுவீங்க? பொட்டு வெக்காதீங்கன்னு போர்டு மாட்டுவீங்களா?" என்றார்.

"மாட்டுனா எங்கம்மா அந்தப் போர்டுக்கும் பொட்டு வப்பாங்க மேடம்" என்றேன். வாய் முந்திவிட்டது. ஹால் சிரித்தது. பிறகுதான் பதில் வந்தது. "தப்பு அவங்க மேல இல்ல மேடம். பொட்டு வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அதுக்கு இடம் விடாமச் செஞ்சது நான்தான். சென்சாரை உள்ள தள்ளி மேல ஒரு மூடி போடணும். முன்னாடி, கண்ணுல படுற எடத்துல, பித்தளைல வட்டமா ஒரு தகடு வைக்கணும். பளபளன்னு இருந்தா கை தானா அங்கதான் போகும்."

அவர் தன் பேனாவை என்னிடம் நீட்டி, "வரைஞ்சு காட்டுங்க" என்றார். வரைந்தேன். அவர் ஒரு கோடு திருத்தினார். அந்தத் திருத்தம் எனக்கு ஒப்பவில்லை, அதைச் சொன்னேன். அரைமணி நேரம் அந்த மூடியைப் பற்றியே சண்டை போட்டோம். சாயங்காலம் பெயர் வாசித்தபோது கூட்டாளி என்னைத் தோளில் குத்திய குத்து ஒரு வாரம் வலித்தது. அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் குத்தினான். இன்று அவன் ஊர்ப்பக்கமே பவர் டில்லர் சர்வீஸ் சென்டர் வைத்து என்னைவிட நன்றாக இருக்கிறான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஓடுச்சா?" என்றாள். "பூசை போட்டேன்ல, ஓடாம எங்க போகும்?" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு எது வாயில் நின்றிருக்கிறது? "ஓடல. நீ சென்சாருக்குப் பொட்டு வச்சிட்ட" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "மெஷினுக்கு நெத்தி எதுன்னு தேடுனேன்டி. அதுதேன் அழகா இருந்துச்சு" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "நாந்தேன் கெடுத்துட்டேனா? வேலைய நாந்தேன் கெடுத்தேனா?" கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. நான் போகக்கூடாது என்று இத்தனை வருடம் சத்தம் போட்டவள், நான் போகமுடியாமல் போய்விட்டதோ என்று அழுகிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மேடம் கேட்டதையும் நான் சொன்னதையும், வரைந்ததையும், பெயர் வாசித்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

கேட்டு முடித்து மூக்கைச் சிந்தினாள். கொஞ்சம் யோசித்தாள். எழுந்து சேலையை உதறிச் சொருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதை மீறிக் கத்தினாள்.

"ஏக்கா! எம் மகளுக்குக் கோயம்புத்தூர்ல மெஷின் கம்பெனில வேல! நாந்தேன் வாங்கிக் குடுத்தேன்!"