ஒன்பது நாள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘சீல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு கேட்டு வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தேதி முத்திரை குத்துவது அவள் வேலை. தேதிதான் வரிசை; வரிசைப்படிதான் அரசு வீடு. பதினெட்டு வருடமாக ஒரு சொல் கேட்காத கை அது. ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளை விரல் மடக்கிச் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். ஒரு பிள்ளை ஒன்றை விட்டுவிட்டால் போதும், முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

அவளும் வீட்டுக்குத் தவம் கிடந்தவள்தான். ஒழுகுகிற ஒற்றை அறை, அதில் படுத்த படுக்கையாக மாமியார். “ஆண்டவரே, உம்முடைய வேளையில் தாரும்” என்று நாலு வருடம் ஜெபித்தாள். கடைசியில் ஒரு வீடு காலியானது. அவளுடைய விண்ணப்பமோ ஒரு தாள் குறைகிறதென்று திரும்பி வந்திருந்தது. அதைச் சரிசெய்து கொண்டுவருவதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. இடையில் வேறொருத்தி முந்திவிட்டாள்.

முத்திரையின் சின்னச் சக்கரத்தை ஒன்பது நாள் பின்னால் திருப்பித் தன் விண்ணப்பத்தில் குத்தினாள். ஒரு நொடி வேலை. ஆண்டவருக்குக் கொஞ்சம் கைகொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. பாவம், அவருக்கு நாள் பார்க்கத் தெரியாது பாருங்கள்!

வீடு கிடைத்தது. போதகர் விடவில்லை, சபையில் சாட்சி சொல்லச் சொன்னார். அவளும் எழுந்து நின்று, “கர்த்தர் ஒரு நாள் முந்தவும் இல்லை, ஒரு நாள் பிந்தவும் இல்லை” என்றாள். சபை முழுக்க ஆமென் சொன்னது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஆராதனை முடிந்ததும் இஸ்திரி போடுகிற அம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நடக்க முடியாத மகளை மூன்று மாடி தூக்கி ஏறி இறங்குகிறவள்.

“எனக்கும் அந்த வீடு வரும்னுதான் இருந்தேன் அக்கா. என் பேரு முதல்ல இருக்குன்னாங்க, அப்புறம் இல்லேன்னுட்டாங்க. நான் என்ன பாவம் செஞ்சேனோ, என் ஜெபம் மட்டும் மேலே போகலன்னு அழுதுட்டே இருந்தேன். இன்னைக்கு உங்க வாயால கேட்டதும் மனசு தேறிடுச்சு.”

சீல் அக்கா கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வீட்டின் ஒவ்வொரு சுவரும் திருடி என்றது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மாடி ஏறிப் போனாள். அந்த அம்மா ஒரு சட்டைக் கையை மடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சீல் அக்கா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். “திங்கட்கிழமை அதிகாரிகிட்ட எழுதிக் கொடுத்துடறேன். வேலை போனாலும் போகட்டும். வீடு உங்களோடது.”

கன்னத்தில் ஒரு அறை விழும் என்று நின்றாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

“அப்போ அவர் என் ஜெபத்தைக் கேட்டிருக்காரா அக்கா? என்னைத் தள்ளலையா?” என்றாள். உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். “கேட்டியா கண்ணு, நம்மமேல ஆண்டவருக்குக் கோபம் இல்லையாம்!”

சீல் அக்காவால் தலையை நிமிர்த்த முடியவில்லை.